பியூரெட்டில் எதை ஊற்றுவது, குடுவையில் எதைச் சொட்டுவது

தரம்பார்த்தல் என்பது செறிவு தெரிந்த கரைசலைப் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையிலுள்ள நிறங்காட்டி (அமில, கார அளவுக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம்) மாறும் இடத்தை வைத்து மாதிரியை அளப்பது. வலிமையான அமிலமும் வலிமையான காரமும் என்றால் எந்த நிறங்காட்டியும் சரி, வலிமை குறைந்த அமிலம் என்றால் பினால்ப்தலீன், வலிமை குறைந்த காரம் என்றால் மெத்தில் ஆரஞ்சு. வேதியியல் படித்த யாருக்கும் இது மனப்பாடம். தேர்வுக்கு இது போதும். அம்மோனியா, கார்பனேட், போரிக் அமிலம் என்று மாதிரிகள் மாறி மாறி வரும் மேசையில் போதாது. ஏன் அந்த நிறங்காட்டி, தவறானதைப் போட்டால் எவ்வளவு விலகும், பியூரெட்டில் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் புது மாதிரி வரும்போது கை ஓடும்.

அதனால் சில மாதிரிகளை எடுத்துக்கொண்டு, பொருத்தமான நிறங்காட்டியையும் பொருந்தாததையும் அடுத்தடுத்த கூம்புக் குடுவைகளில் வேண்டுமென்றே போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பிஎச் (7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) கணக்கையும் முன்கூட்டியே போட்டு வைத்துக்கொண்டேன். நிறம் எங்கே மாறும் என்று காகிதம் சொல்கிறதோ அங்கேதான் கண்ணிலும் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

கையில் இருந்த நிறங்காட்டிகளும் அவை மாறும் பிஎச் எல்லைகளும்: மெத்தில் ஆரஞ்சு 3.1-இல் சிவப்பு, 4.4-இல் மஞ்சள். புரோமோகிரசால் கிரீன் 3.8-இல் மஞ்சள், 5.4-இல் நீலம், நடுவில் பச்சை. மெத்தில் ரெட் 4.4-இல் சிவப்பு, 6.2-இல் மஞ்சள். புரோமோதைமால் புளூ 6.0-இல் மஞ்சள், 7.6-இல் நீலம். பினால்ப்தலீன் 8.3 வரை நிறமில்லை, 10-இல் நல்ல இளஞ்சிவப்பு. தைமால்ப்தலீன் 9.3 வரை நிறமில்லை, 10.5-இல் நீலம். புத்தகத்துக்குப் புத்தகம் இந்த எண்கள் ஒன்றிரண்டு பத்தில் ஒரு பங்கு மாறும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிஎச் 7-ஐத் தொட்டுச் செல்வது ஒன்றே ஒன்றுதான். நிறங்காட்டி நடுநிலையைக் காட்டும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். ஒவ்வொன்றும் தன் சொந்த எல்லையில் மாறுகிறது, அவ்வளவுதான். அந்த எல்லை நம் மாதிரியின் சமானப் புள்ளியோடு (அமிலமும் காரமும் மிச்சமின்றி ஈடாகும் இடம்) பொருந்துகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. வரலாறும் அந்த வரிசையில்தான் வந்திருக்கிறது. பினால்ப்தலீனை அடால்ஃப் வான் பேயர் 1871-இல் தயாரித்துவிட்டார். பிஎச் என்ற அளவை சோரன்சன் 1909-இல்தான் கொண்டுவந்தார். இடைப்பட்ட காலத்தில் நிறங்காட்டி எங்கே மாறுகிறது என்று எண்ணில் சொல்ல வழியில்லாமலே தரம்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பியூரெட்

நிறங்காட்டியைப் பற்றி யோசிக்கும் முன் பியூரெட் கரைசலை முடிவு செய்ய வேண்டும். இதில் விதி ஒன்றுதான்: பியூரெட்டில் இருப்பது எப்போதும் வலிமையானதாக, அதாவது நீரில் முழுவதும் அயனிகளாகப் பிரியும் அமிலமாகவோ காரமாகவோ இருக்க வேண்டும். மாதிரி வலிமை குறைந்ததாக இருக்கலாம், பியூரெட் கரைசல் அப்படி இருக்கக் கூடாது.

ஏன் என்று பார்க்க 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) அசிட்டிக் அமிலம் 25 மி.லி. எடுத்து, பியூரெட்டில் 0.1 மோலார் அம்மோனியாவை நிரப்பினேன். சமானப் புள்ளி சரியாக பிஎச் 7-இல் வரும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 24.75 மி.லி.யில் பிஎச் சுமார் 6.65, 25.25 மி.லி.யில் சுமார் 7.36. அரை மில்லி ஊற்றியும் ஏறுவது 0.7 மட்டுமே. புரோமோதைமால் புளூ போட்ட குடுவையில் மஞ்சள் பச்சையாகி, பச்சை கொஞ்சம் கொஞ்சமாக நீலம் கலந்து, எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் போனது. எந்த நிறங்காட்டியைப் போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் குறை நிறங்காட்டியில் இல்லை. பிஎச் செங்குத்தாகத் தாவினால்தான் நிறமும் ஒரு சொட்டில் தாவும்.

சரி, வலிமையானவற்றில் எது? அமிலத்துக்கு ஹைட்ரோகுளோரிக். கந்தக அமிலமும் வேலை செய்யும், ஆனால் பேரியம், கால்சியம் இருக்கும் மாதிரிகளில் வீழ்படிவு வரும். நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஹைட்ரோகுளோரிக்கின் ஒரே குறை அது ஆவியாகும் என்பது. 0.1 மோலார் அளவில் சற்று நேரம் கொதிக்க வைத்தாலும் இழப்பு பொருட்படுத்தும் அளவு இருக்காது. காரத்துக்கு சோடியம் ஹைட்ராக்சைடு. அதன் தொல்லைகளுக்குத் தனியாகவே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறேன்.

செறிவு ஏன் 0.1 மோலார் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி. வடிந்த அளவு 25 மி.லி. பக்கம் இருந்தால் ஒரு சொட்டுப் பிழை 0.2 சதவீதம். செறிவைக் கூட்டி 5 மி.லி.யில் முடித்துவிட்டால் அதே சொட்டு 1 சதவீதம். செறிவைக் குறைத்தால் வேறு வகையில் அடி விழும், அதைக் கீழே பார்க்கலாம்.

கரைசல் தயாரிப்பு

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை நேராக எடை போட்டுக் கரைத்து 0.1 மோலார் என்று லேபிள் ஒட்டுவதில் அர்த்தமில்லை. தராசுத் தட்டில் இருக்கும்போதே அவை ஈரத்தை இழுத்து மினுமினுக்கத் தொடங்கிவிடும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சி மேற்பரப்பில் கார்பனேட் ஆகியிருக்கும். இதற்குப் பழைய ஆய்வக வழி ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. நீரும் வில்லையும் சம எடை எடுத்து 50 சதவீதக் கரைசல் செய்வது. அந்த அடர்த்தியில் சோடியம் கார்பனேட் கரையாது, பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். சில நாள் விட்டு, மேலே தெளிந்திருக்கும் பகுதியிலிருந்து 5.3 மி.லி. எடுத்து, கொதிக்க வைத்து ஆற்றிய வாலை வடிநீரில் ஒரு லிட்டராக்கினால் ஏறத்தாழ 0.1 மோலார், கார்பனேட்டும் இருக்காது. கரைக்கும்போது சூடு பயங்கரமாக ஏறும். குளிர்நீர்த் தொட்டியில் வைத்து, கண்ணாடி அணிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். சேமிப்பது பிளாஸ்டிக் பாட்டிலில். பியூரெட்டின் திருகு டெஃப்லானாக இருந்தால் நல்லது. கண்ணாடித் திருகு காரத்தில் கவ்விக்கொள்ளும்.

இதன் சரியான செறிவை பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்துக் கண்டுபிடித்தேன். மோலார் நிறை 204.22. 110 டிகிரியில் உலர்த்தி ஆறவிட்டு, குடுவைக்கு 0.51 கிராம் வீதம் எடை போட்டால் 25 மி.லி. பக்கம் வடியும். இதன் பிகேஏ (அமிலத்தின் வலிமையைச் சொல்லும் எண், குறையக் குறைய வலிமை கூடும்) 5.41. சமானப் புள்ளி பிஎச் 9-ஐ ஒட்டி வருவதால் பினால்ப்தலீன்தான் பொருத்தம்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் தயாரிப்பது எளிது. 37 சதவீத அமிலத்தில் 8.3 மி.லி.யை நீரில் ஊற்றி ஒரு லிட்டராக்க வேண்டும். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல. தரம்பார்க்க உலர்ந்த சோடியம் கார்பனேட், குடுவைக்கு 0.13 கிராம் வீதம்.

கார்பனேட் குடுவையில் நடப்பதைக் கிட்டத்தில் இருந்து பார்ப்பது நல்ல பாடம். புரோமோகிரசால் கிரீன் போட்டால் தொடக்கத்தில் தெளிவான நீலம். அமிலம் சேரச் சேரக் குமிழிகள் வரும். முடிவை நெருங்கும்போது நீலம் மங்கி, கலங்கலான பச்சைக்குப் போகும். அங்கே நிறம் சொட்டுக்குச் சொட்டு நகருமே தவிரத் தாவாது. காரணம், கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு பைகார்பனேட்டோடு சேர்ந்து தாங்கல் கரைசலாக, அதாவது பிஎச் எளிதில் நகராத கரைசலாக நிற்கிறது. பச்சை வந்ததும் பியூரெட்டை மூடிவிட்டு, குடுவையை ஓரிரு நிமிடம் கொதிக்க வைத்தேன். வாயு வெளியேற வெளியேற, பச்சையாக இருந்த கரைசல் கண்ணெதிரே மீண்டும் நீலத்துக்குத் திரும்புகிறது. குழாய்நீரில் ஆறவைத்து மீண்டும் சொட்டினால் இப்போது முடிவு கூர்மை. ஒரு சொட்டு, சில சமயம் அரைச் சொட்டு, நீலம் போய்ப் பச்சை நிற்கும். கொதிக்க வைக்காமல் மெத்தில் ஆரஞ்சில் முடிப்பவர்களும் உண்டு. அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் இந்த எண்ணை நம்பித்தான் மற்ற எல்லாக் கணக்கும் நிற்கப் போகிறது என்பதால் நான் கொதிக்க வைத்துவிடுகிறேன்.

எதைப் போட்டாலும் சரி என்பது எதுவரை சரி?

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி., பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. 24.95 மி.லி.யில் பிஎச் 4. 25.05 மி.லி.யில் பிஎச் 10. இரண்டே சொட்டில் ஆறு அலகு. மெத்தில் ஆரஞ்சு மஞ்சளாகி முடியும் 4.4-இல் மிச்சமிருக்கும் அமிலம் 0.02 மி.லி. காரத்துக்குச் சமம். பினால்ப்தலீன் சமானப் புள்ளியைத் தாண்டி நிறம் பெறத் தேவையான அதிகக் காரம் அதைவிடக் குறைவு. குடுவைகளிலும் அப்படித்தான் வந்தது. நிறங்காட்டிகளுக்கு நடுவே வித்தியாசம் ஒரு சொட்டுக்குள்.

இரண்டு கரைசல்களையும் பத்து மடங்கு நீர்த்தால் படம் மாறுகிறது. அதே இரண்டு சொட்டுக்குள் பிஎச் 5-இலிருந்து 9 வரைதான் போகிறது. மெத்தில் ஆரஞ்சு 0.2 மி.லி. முன்னாலேயே மஞ்சளாகிவிடும். 0.001 மோலார் வரை போனால் தாவல் 6-க்கும் 8-க்கும் நடுவே சுருங்கிவிடும். மெத்தில் ஆரஞ்சின் பிழை 2 மி.லி.! அந்த அமிலத்தின் தொடக்க பிஎச்சே 3 என்பதால், முதல் சொட்டு விழும் முன்பே நிறங்காட்டி மாறத் தயாராக நிற்கிறது. பினால்ப்தலீனில் கண்ணுக்குத் தெளிவான சிவப்பு வரும்வரை ஊற்றினால் அரை மில்லி கூடுதலாகப் போய்விடும். அங்கே தேறுவது புரோமோதைமால் புளூ மட்டும்தான், அதுவும் நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை விரட்டியிருந்தால். எதைப் போட்டாலும் சரி என்ற வரியின் கீழே 0.1 மோலார் பக்கம் என்று பென்சிலால் எழுதிக்கொள்வது நல்லது.

அசிட்டிக் அமிலம்

இங்கே தவறான நிறங்காட்டியைப் பார்ப்பதற்காகவே மெத்தில் ஆரஞ்சு போட்டேன். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பிஎச் 2.88. குடுவை சிவப்பு. கணக்குப்படி 0.3 மி.லி. காரம் விழுந்ததுமே 3.1-ஐத் தாண்டிவிடும், 7.6 மி.லி.யில் 4.4 வந்துவிடும். அதாவது 25 மி.லி. ஆக வேண்டிய இடத்தில், சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு வெளுத்து, மூன்றில் ஒரு பங்கு கூட ஆகும் முன்பே மஞ்சளில் முடிந்துவிடுகிறது. குடுவையிலும் அப்படியே நடந்தது. எந்தச் சொட்டில் மாறியது என்று கேட்டால் சொல்லவே முடியாது, அவ்வளவு மெதுவான மாற்றம். முடிவு இழுவையாக இருக்கிறது என்றாலே நிறங்காட்டி தாங்கல் பகுதியில் மாறிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பினால்ப்தலீனில் கதை வேறு. 24.95 மி.லி.யில் பிஎச் 7.46, சமானப் புள்ளியில் 8.73, 25.05 மி.லி.யில் 10. நிறங்காட்டியின் எல்லை முழுவதும் இந்த இரண்டு சொட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சொட்டு விழும் இடத்தில் சிவப்புப் பூத்து, குடுவையைச் சுழற்றியதும் மறையும். முடிவு நெருங்க நெருங்க அது மறைய எடுக்கும் நேரம் கூடும். அப்போதே திருகை இறுக்கிக்கொண்டு அரைச் சொட்டுக்கு மாற வேண்டும். மங்கலான சிவப்பு முழுக் குடுவையிலும் அரை நிமிடம் நின்றால் போதும். அதற்குப் பிறகு வெளுத்தால் அது காற்றின் கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலை, மேலும் ஊற்றக் கூடாது.

நடுவில் இருக்கும் புரோமோதைமால் புளூவையும் பார்த்தேன், சுவாரசியமாக இருந்தது. 23.6 மி.லி.யிலேயே பச்சைச் சாயல் தட்டத் தொடங்குகிறது. பிஎச் 7-தானே நடுநிலை என்று நல்ல பச்சையில் நிறுத்தினால் 24.86 மி.லி., அதாவது 0.14 குறைவு. முழு நீலம் வரும்வரை போனால் 24.96, கிட்டத்தட்டச் சரி. கடைசிச் சாயல் வரை பொறுமையாகப் போகும் கையில் இந்த நிறங்காட்டியும் தேறிவிடும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அம்மோனியா: குடுவைக்குள் இருப்பதைப் பார்

அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கும்போது சமானப் புள்ளியில் குடுவையில் மிஞ்சுவது அம்மோனியம் குளோரைடு. பிஎச் 5.28. ஒரு சொட்டு முன்னால் 6.55, ஒரு சொட்டு பின்னால் 4.0. மெத்தில் ரெட்டின் 6.2 முதல் 4.4 வரை உள்ள எல்லை இதற்குள் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உட்காருகிறது. மெத்தில் ஆரஞ்சும் போடலாம், ஆனால் நிறம் மாறத் தொடங்கும்போதே தாவலின் கடைசிப் பகுதிக்கு வந்திருப்போம். பினால்ப்தலீன் போட்டால் 3.8 மி.லி.யிலிருந்து வெளுக்கத் தொடங்கி 22.5 மி.லி.யில் நிறமே இல்லாமல் போய்விடும்.

அம்மோனியாவுக்கு இன்னொரு சங்கடம், திறந்த குடுவையிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூக்கே சொல்லிவிடும். அதனால் பின்தரம்பார்த்தல்தான் நல்லது. அளந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதிகமாக எடுத்து, அதில் அம்மோனியாவைச் சேர்த்து, மிச்ச அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடால் அளப்பது. இங்கேதான் மனப்பாட வரிகள் ஆளைக் கவிழ்க்கும். இப்போது தரம்பார்ப்பது வலிமையான அமிலத்தை, பியூரெட்டில் வலிமையான காரம். அப்படியானால் எதைப் போட்டாலும் சரி என்று தோன்றும். பினால்ப்தலீன் போட்டால் முடிவு தள்ளிப் போகும், காரணம் குடுவையில் அம்மோனியம் அயனி இருக்கிறது. அதன் பிகேஏ 9.25. பிஎச் 8-ஐத் தாண்டியதும் அது காரத்தைத் தின்னத் தொடங்கும், சிவப்பு வந்து வந்து மறையும். இங்கேயும் மெத்தில் ரெட்தான் வேண்டும். எந்த மாதிரி, எந்தப் பியூரெட் கரைசல் என்று கேட்பதைவிட, முடிவில் குடுவைக்குள் என்னென்ன மிதக்கின்றன, அவற்றின் பிஎச் என்ன என்று கேட்பது பாதுகாப்பு.

பழைய சோடியம் ஹைட்ராக்சைடு

பாதி காலியான பாட்டிலில், மூடி சரியாக இறுகாமல் கிடந்த 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஒன்று இருந்தது. கொட்டிவிடாமல் அதையும் சோதித்தேன். அதில் 25 மி.லி. எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்தால் மெத்தில் ஆரஞ்சில் 25.10 மி.லி., பினால்ப்தலீனில் 24.45 மி.லி. ஒரே கரைசல், இரண்டு விடை, இரண்டும் உண்மை.

காரம் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும்போது இரண்டு ஹைட்ராக்சைடு போய் ஒரு கார்பனேட் வருகிறது. மெத்தில் ஆரஞ்சு மாறும்வரை அமிலம் ஊற்றினால் அந்தக் கார்பனேட் இரண்டு ஹைட்ரஜன் அயனியையும் ஏற்றுக்கொள்ளும், கணக்கில் இழப்பு தெரியாது. பினால்ப்தலீன் நிறமிழக்கும் பிஎச் 8.3-இல் கார்பனேட் பைகார்பனேட்டாகி நின்றுவிடும், அதாவது ஒன்றை மட்டுமே ஏற்றிருக்கும். இரண்டுக்கும் உள்ள 0.65 மி.லி. வித்தியாசம் அப்படியே கார்பனேட்டின் அளவு. 0.1 மோலார் அமிலத்தில் அது 0.065 மில்லிமோல். சோடியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் கலந்த மாதிரியைப் பிரித்தறியும் இரட்டை நிறங்காட்டி முறையும் இதுவேதான். முதலில் பினால்ப்தலீனில் நிறுத்திக் குறித்துக்கொண்டு, அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சு போட்டுத் தொடர வேண்டும்.

இந்தக் கரைசலை மெத்தில் ஆரஞ்சில் தரம்பார்த்து லேபிள் ஒட்டி, பிறகு அசிட்டிக் அமிலத்தைப் பினால்ப்தலீனில் அளந்தால் விடை 2.7 சதவீதம் அதிகமாக வரும். எந்தக் கையும் தவறு செய்யவில்லை, எந்த வாசிப்பும் பிசகவில்லை. ஆனாலும் விடை தப்பு. அதனால் என் பாட்டில் லேபிள்களில் இப்போது செறிவு, தேதியோடு எந்த நிறங்காட்டியில் தரம்பார்த்தது என்பதும் இருக்கிறது. மாதிரிக்கு எந்த நிறங்காட்டியோ அதிலேயே பியூரெட் கரைசலையும் தரம்பார்த்துவிட்டால் கார்பனேட் பிழை பெரும்பாலும் தானாகவே கழிந்துவிடும். நிறங்காட்டித் தேர்வைப் பற்றிய பாடங்களில் இது ஏன் முதல் பக்கத்தில் இல்லை என்று எனக்குப் புரிவதே இல்லை.

சொட்டு, கண், வெற்றுக் குடுவை

இரண்டு மூன்று சொட்டு நிறங்காட்டிக்கு மேல் வேண்டாம். நிறங்காட்டியே ஒரு வலிமை குறைந்த அமிலம் அல்லது காரம், அதுவும் பியூரெட் கரைசலைக் குடிக்கும். பினால்ப்தலீன் போல ஒரு பக்கம் நிறமில்லாத நிறங்காட்டிகளில் இன்னொரு விஷயமும் உண்டு. சொட்டுகள் கூடினால் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு முன்னதாகவே வந்துவிடும். ஆகவே எல்லாக் குடுவையிலும் ஒரே எண்ணிக்கை. மாதிரி இல்லாமல், அதே அளவு நீரும் அதே சொட்டுகளும் போட்ட வெற்றுக் குடுவையை அதே நிறம் வரும்வரை தரம்பார்த்து, அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம்.

மெத்தில் ஆரஞ்சு இப்போது மஞ்சளா, ஆரஞ்சா என்ற சண்டைக்கு ஒப்பீட்டுக் குடுவைதான் மருந்து. 0.05 மோலார் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் கரைசலின் பிஎச் 4.0. அது ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது. அதே கொள்ளளவு எடுத்து அதே சொட்டுகளைப் போட்டு, வெள்ளை டைல் மேல் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்த நிறத்தில் நிறுத்துவது என்ற கேள்வியே எழாது. சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கு நிறமின்மையிலிருந்து நீலத்துக்குப் போகும் தைமால்ப்தலீன், மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போகும் புரோமோதைமால் புளூ போன்றவை எளிது. மெத்தில் ஆரஞ்சோடு சைலீன் சயனால் என்ற நீலச் சாயம் சேர்த்த கலவையும் கிடைக்கிறது. காரத்தில் பச்சை, அமிலத்தில் ஊதா, நடுவே பிஎச் 3.8 பக்கம் சாம்பல். சாம்பல் வந்ததும் நிறுத்தலாம்.

பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலால் கழுவ வேண்டும், பிப்பெட்டை மாதிரியால், கூம்புக் குடுவையை வாலை வடிநீரால் மட்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிப்பெட்டை வாயால் உறிஞ்சாமல் ரப்பர் பல்பு பயன்படுத்துங்கள்.

பாஸ்பாரிக், போரிக்

பாஸ்பாரிக் அமிலத்துக்கு மூன்று பிகேஏ: 2.15, 7.20, 12.35. முதல் சமானப் புள்ளி பிஎச் 4.7, புரோமோகிரசால் கிரீன் பிடிக்கும். இரண்டாவது 9.8. பலரும் இங்கே பழக்கத்தில் பினால்ப்தலீனைப் போடுகிறார்கள், ஆனால் அது 8.3-இலேயே லேசாகச் சிவக்கத் தொடங்கும். அப்போது இரண்டாவது ஹைட்ரஜனில் 93 சதவீதம்தான் முடிந்திருக்கும். தைமால்ப்தலீனின் 9.3 முதல் 10.5 வரை உள்ள எல்லை இதற்கென்றே செய்தது. மூன்றாவது ஹைட்ரஜனை நேராக எந்த நிறங்காட்டியும் பிடிக்காது. அதன் வலிமை நீரைவிடப் பெரிதாக ஒன்றும் மேலில்லை.

ஒரு வலிமை குறைந்த அமிலத்தை நேராகத் தரம்பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே சொல்ல, அதன் பிரிகை மாறிலியையும் (பத்தின் அடுக்கு மைனஸ் பிகேஏ) செறிவையும் பெருக்கிப் பார்ப்பார்கள். பத்தின் அடுக்கு −8-க்கு மேல் இருந்தால் முடியும். போரிக் அமிலம் இதில் தேறாது. பிகேஏ 9.24, 0.1 மோலாரில் பெருக்கினால் −10-ஐ ஒட்டித்தான் வரும். குடுவையில் பினால்ப்தலீன் போட்டு காரம் விட்டால் 2.6 மி.லி.யிலேயே சிவப்பு எட்டிப் பார்த்து, அப்புறம் பாதை நெடுக அடர்ந்துகொண்டே போகும். சமானப் புள்ளி பிஎச் 11 பக்கம், அங்கே தாவல் என்று சொல்ல ஒன்றுமில்லை. நிறங்காட்டியை மாற்றிப் பயனில்லை.

இதே அமிலத்தின் உப்பான போராக்ஸை ஹைட்ரோகுளோரிக்கால் தரம்பார்த்தால் மெத்தில் ரெட்டில் அழகாக முடிகிறது. அமிலம் எவ்வளவு வலிமை குறைந்ததோ அதன் உப்பு அவ்வளவு நல்ல காரம். போரிக் அமிலத்தையே அளந்தாக வேண்டும் என்றால் மானிடால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைச் சேர்க்க வேண்டும். மானிடால் போரேட்டோடு பிணைந்து அணைவு உண்டாக்குவதால், போதிய அளவு சேர்த்தால் கலவை அசிட்டிக் அமிலத்துக்கு நெருங்கிய வலிமையோடு நடந்துகொள்கிறது, பினால்ப்தலீனில் சிவப்பு ஒரே சொட்டில் வந்து நிற்கிறது. போட்ட மானிடால் போதுமா என்று குடுவையே சொல்லும். சிவப்பு வந்த பிறகு இன்னும் ஒரு சிட்டிகை மானிடாலைப் போட்டுச் சுழற்ற வேண்டும். நிறம் மறைந்தால் காரத்தைத் தொடர்ந்து விட வேண்டும், மறுபடி சிவந்ததும் மறுபடி ஒரு சிட்டிகை. மானிடால் விழுந்தும் சிவப்பு அசையாமல் நின்றால் அந்த வாசிப்பை எழுதிக்கொள்ளலாம்.